திறவுகோலும் மதிப்பும்

சாமராஜநகர் மாவட்டத்துக் கொள்ளேகாலில் 1950-ஆம் ஆண்டிலே பிறந்த தமிழ்ப் பெரியவர் ஒருவரை மனத்தில் எண்ணிக்கொள்ளுங்கள். அவர் பிறந்தபோது அவ்வூர் சென்னை இராஜ்யத்தின் கோயமுத்தூர் மாவட்டத்தில் இருந்தது. மொழிவழியாக இராஜ்யங்கள் அமைந்த 1956 நவம்பர் முதல் நாளன்று அது மைசூர் இராஜ்யத்தைச் சேர்ந்தது. மைசூர் மாவட்டத்தின் ஒரு பகுதியாயிற்று. 1973 நவம்பர் முதல் நாளன்று அந்த இராஜ்யமே கர்நாடகம் என்று புதுப்பெயர் பூண்டது. பின்னர் 1997-ஆம் ஆண்டில் மைசூரினின்றும் சாமராஜநகர் தனி மாவட்டமாகப் பிரிந்தபோது, கொள்ளேகாலும் அதனோடு சென்றது. பெரியவர் இருந்த இடத்தை விட்டு அசையவில்லை; அவர் பிறந்த வீடும் அசையவில்லை. ஆயினும் அவ்வீடு மூன்று மாவட்டங்களைக் கண்டுவிட்டது.

இப்பெரியவர் ஒரு சான்றிதழ் வேண்டி ஓர் அலுவலகத்திற்குச் செல்கிறார் என்று கொள்வோம். அவர் கையிலுள்ள பழைய பதிவில் கோயமுத்தூர் என்று எழுதப்பட்டிருக்கிறது. அங்குள்ள கணிப்பொறியோ, கொள்ளேகால் எம்மாவட்டம் என்று கேட்டால், சாமராஜநகர் என்னும் ஒரே விடையைத்தான் அறியும். இரண்டும் பொருந்தவில்லை என்று திரையில் எழுத்துத் தோன்றுகிறது. பெரியவர் பொய் சொல்லவில்லை. பதிவேடும் பொய் சொல்லவில்லை. கணிப்பொறி கூறுவதும் இன்றைய நிலையில் உண்மையே. மூவரும் மெய்யே கூறியும் முடிவு பிழையாயிற்றே, ஏன்? இவ்வினாவுக்கு விடை காண வேண்டுமானால், கணிப்பொறி தன் நினைவில் செய்திகளை எவ்வாறு இணை இணையாக வைத்துக் காக்கிறது என்பதையும், அவ்விணைகளைக் கையாளும் நிரல்மொழிகள் எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும் என்பதையும் அறிதல் வேண்டும்.

இணை என்பது புதுமையான பொருள் அன்று. அஞ்சல் உறையின்மேல் நாம் எழுதும் ஆறு இலக்க எண்ணை எடுத்துக்கொள்வோம். 1972 ஆகஸ்டு 15-ஆம் நாள் இந்திய அஞ்சல் துறை இம்முறையை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. 571313 என்றால் சாமராஜநகர். 571440 என்றால் கொள்ளேகால். 571111 என்றால் குண்டுலுப்பேட்டை. எண்ணைக் கொடுத்தால் ஊர் கிடைக்கிறது. எதைக் கொடுத்துத் தேடுகிறோமோ அதை நிரலாளர்கள் 'கீ' என்பர். நாம் திறவுகோல் என்போம். தேடியதற்கு விடையாகக் கிடைப்பதை அவர்கள் 'வேல்யூ' என்பர். நாம் மதிப்பு என்போம். திறவுகோல் ஒன்றும் மதிப்பு ஒன்றும் சேர்ந்தது ஓர் இணை. இத்தகைய இணைகள் பல சேர்ந்தது ஓர் அட்டவணை. 1991-இல் வெளிவந்த பைத்தான் என்னும் நிரல்மொழி இவ்வட்டவணைக்கு இட்ட பெயர் என்ன தெரியுமா? அகராதி என்று பொருள்படும் சொல்லையே இட்டது.

அப்பெயர் தமிழர்க்கு மிகவும் பொருத்தமானது. நம் முன்னோர் சொற்களையும் பொருள்களையும் இணைத்து நிகண்டுகளாகச் செய்யுளில் யாத்து வைத்தனர். திவாகரத்தின் முற்பகுதிகளில் ஒரு பொருளுக்குரிய பல பெயர்கள் தொகுக்கப்பட்டுள்ளன. பிறிதொரு பகுதியில் ஒரு சொல்லுக்குரிய பல பொருள்கள் கூறப்பட்டுள்ளன. நிகண்டைப் பயன்படுத்துவோர் அதனை மனப்பாடம் செய்திருத்தல் வேண்டும். 1732-ஆம் ஆண்டில் வீரமாமுனிவர் சதுரகராதியை இயற்றி, சொற்களை அகர வரிசையில் நிறுத்தினார். அதன்பின் நூல் முழுவதையும் நெட்டுருச் செய்யாமலே, எழுத்தின் வழியாக வேண்டிய சொல்லை அடைய முடிந்தது. திறவுகோலைக் கொண்டு நேரே மதிப்பை அடைதல் என்னும் கருத்து அங்கே தெளிவாக விளங்குகிறது.

கணிப்பொறி அகர வரிசையைக் காட்டிலும் விரைவான ஒரு வழியைக் கையாளுகிறது. அஞ்சலகத்தில் கடிதங்களைப் பிரிக்கும் ஊழியரைப் பார்த்திருப்பீர்கள். அவர் முன்னே சிறு சிறு அறைகள் கொண்ட ஒரு பலகை நிற்கும். கடிதத்தின்மீது ஒரு பார்வை. கை தானே உரிய அறைக்குச் செல்லும். கணிப்பொறியும் திறவுகோலிலுள்ள எழுத்துகளைக் கொண்டு ஒரு கணக்குப் போடுகிறது. அக்கணக்கின் விடையே அறையின் எண். எழுதும்போது அவ்வறையில் இடுகிறது. தேடும்போது மீண்டும் அதே கணக்கைப் போட்டு அதே அறைக்குச் செல்கிறது. ஐ.பி.எம். நிறுவனத்தில் பணியாற்றிய ஹான்ஸ் பீட்டர் லூன் என்பவர் 1953 ஜனவரியில் எழுதிய ஓர் உட்குறிப்பில் இவ்வழியை விளக்கினார். இதனால் இலட்சக்கணக்கான இணைகள் இருந்தாலும் பெரும்பாலும் இரண்டொரு முயற்சியிலேயே விடை கிடைத்துவிடுகிறது.

விரைவு இருந்தால் மட்டும் போதாது. நடத்தையும் சீராக இருத்தல் வேண்டும். அட்டவணையில் எழுதுதல், தேடுதல், நீக்குதல், புரட்டுதல் ஆகிய வினைகளை நிரல்மொழி நமக்குத் தருகிறது. இவ்வினைகள் எவ்வாறு நடக்க வேண்டும் என்பதைச் சில வினாக்களாகப் பிரித்துக் காண்போம்.

முதல் வினா: கேட்ட திறவுகோல் அட்டவணையில் இல்லையானால் என்ன விடை தருவது?

இதில் மொழிகள் தம்முள் மாறுபடுகின்றன. பைத்தானில் சதுர அடைப்பிட்டுக் கேட்டால், இத்திறவுகோல் இல்லை என்று பிழை கூறி நின்றுவிடும். அதே பைத்தானில் 'கெட்' என்னும் வினையால் கேட்டால், ஒன்றுமில்லை என்று பொருள்படும் ஒரு விடையை அமைதியாகத் தரும்; அல்லது நாம் முன்கூட்டியே சொல்லிவைத்த மதிப்பைத் தரும். ஜாவா மொழியின் அட்டவணை வெறுமையைக் குறிக்கும் 'நல்' என்பதைத் தரும். ஆனால் அதன் வழக்கமான அட்டவணையில் 'நல்' என்பதையே ஒரு மதிப்பாகவும் எழுதி வைக்கலாம். ஆகவே, விடை 'நல்' என்று வந்தால், பதிவே இல்லையா, பதிவு இருந்து அதில் வெறுமை எழுதப்பட்டிருக்கிறதா என்பது அவ்விடையால் விளங்காது. அதனை அறிய வேறொரு வினையை நாட வேண்டும். கோ என்னும் மொழி, மதிப்பு எண்ணாக இருக்குமிடத்தில் சுழியத்தையே தந்துவிடும். ஆயினும் விரும்பினால் இரண்டு விடைகளாகக் கேட்கலாம். முதல் விடை மதிப்பு. இரண்டாம் விடை, அத்திறவுகோல் உண்டா இல்லையா என்பது.

இது நூலோர்க்கு மட்டும் உரிய நுணுக்கம் என்று எண்ணற்க. ஒருவருக்கு வரவேண்டிய தொகை சுழியம் என்பது ஒரு செய்தி. அவர் பெயரே பட்டியலில் இல்லை என்பது வேறொரு செய்தி. முன்னவருக்குக் கொடுக்க வேண்டியது ஒன்றுமில்லை. பின்னவரை இனித்தான் பதிவு செய்ய வேண்டும். இரண்டுக்கும் ஒரே விடை தரும் அட்டவணை, விடுபட்ட மனிதரை ஒன்றுமில்லாத மனிதராக ஆக்கிவிடுகிறது. அவர் விடுபட்டார் என்பதைப் பின்னர் யாரும் கண்டுபிடிக்கவும் இயலாது. ஆகையால், 'இல்லை' என்பதையும் 'சுழியம்' என்பதையும் வேறுபடுத்திக் காட்டுதல் நல்ல அட்டவணையின் முதற் கடமை ஆகும்.

இதனோடு இணைந்த மற்றொரு நெறியும் உண்டு. கேட்பது கேட்பதாகவே இருக்க வேண்டும். கேட்ட அளவிலே புதிய பதிவு முளைக்கக் கூடாது. சி பிளஸ் பிளஸ் மொழியின் அட்டவணையில் சதுர அடைப்பிட்டு ஒரு திறவுகோலைக் கேட்டால், அது இல்லாவிட்டால் அக்கணமே ஒரு வெறும் மதிப்போடு உண்டாக்கப்படும். பெர்ல் மொழியில் அட்டவணைக்குள் அட்டவணையாக அமைந்த இடத்தில் ஆழமாகத் தேடினால், இடையிலுள்ள பதிவுகள் தாமே தோன்றிவிடும். இது சில வேளைகளில் நிரலாளர்க்கு வசதியே. ஆனால், 'இப்பெயரில் யாரேனும் இருக்கிறாரா?' என்று அலுவலர் கேட்டதனாலேயே ஏட்டில் ஒரு புதிய ஆள் தோன்றிவிட்டால், அந்த ஏட்டை யார் நம்புவர்?

இரண்டாம் வினா: அதே திறவுகோலுக்கு மறுபடியும் எழுதினால் என்ன ஆகும்?

பெரும்பாலான மொழிகளில் புதிய மதிப்பு பழைய மதிப்பின்மேல் அமர்ந்துகொள்ளும். பழையது சுவடின்றி மறையும். ஜாவாவின் 'புட்' என்னும் வினை ஒரு நல்ல வழக்கத்தைக் கைக்கொண்டுள்ளது. புதியதை எழுதிவிட்டு, அங்கே முன்பு இருந்த பழைய மதிப்பை எழுதியவர் கையிலேயே அது திருப்பித் தருகிறது. வேண்டுவோர் அதனை வாங்கி வேறிடத்தில் காக்கலாம்.

நம் பெரியவரின் இடர் பிறந்த இடம் இதுதான். கொள்ளேகால் என்னும் திறவுகோலுக்குக் கோயமுத்தூர் என்று எழுதியிருந்தால், 1956-இல் மைசூர் என்பது அதனை அழித்திருக்கும். 1997-இல் சாமராஜநகர் என்பது மைசூரை அழித்திருக்கும். அட்டவணைக்கு நேற்று என்பது கிடையாது. அதன்மேல் குற்றம் சொல்லிப் பயனில்லை. ஒரு திறவுகோலுக்கு ஒரு மதிப்பு என்பதே அதனோடு நாம் செய்துகொண்ட உடன்படிக்கை. பிழை, திறவுகோலைத் தேர்ந்தவரிடம் உள்ளது. ஊர்ப்பெயரை மட்டும் திறவுகோலாக வைத்தது போதாது. ஊரும் ஆண்டும் சேர்ந்த ஒரு கூட்டுத் திறவுகோல் வேண்டும். கொள்ளேகால், 1950 என்று கேட்டால் கோயமுத்தூர். கொள்ளேகால், 1980 என்று கேட்டால் மைசூர். கொள்ளேகால், 2000 என்று கேட்டால் சாமராஜநகர். இவ்வாறு அமைத்தால் மூன்று உண்மைகளும் ஒன்றையொன்று அழிக்காமல் ஒரே ஏட்டில் வாழும். பெரியவரின் பதிவும் பொருந்திவிடும்.

மூன்றாம் வினா: இரண்டு திறவுகோல்கள் ஒன்றே என்று எப்பொழுது கூறலாம்?

இதில் தமிழர்க்கு ஒரு தனி அக்கறை உண்டு. கொள்ளேகால் என்னும் சொல்லின் முதலெழுத்தைப் பாருங்கள். ஒருங்குறி என்னும் உலகப் பொது எழுத்துமுறையில் 'கொ' இருவகையாக அமையலாம். ககரத்தின்பின் ஒகரத்தின் குறியை ஒரே குறியாக இடுதல் ஒரு வகை. ககரத்தின்பின் ஒற்றைக்கொம்பை ஒரு குறியாகவும், காலை மற்றொரு குறியாகவும் இடுதல் பிறிதொரு வகை. முன்னதில் குறிகள் இரண்டு; பின்னதில் மூன்று. திரையிலும் தாளிலும் இரண்டும் ஒன்றாகவே தோன்றும். கண்ணுக்கு யாதொரு வேற்றுமையும் தெரியாது. கோயமுத்தூரின் 'கோ'வும் இத்தகையதே. ஒருங்குறி விதிகளின்படி இவ்விரு வடிவங்களும் தம்முள் நிகரானவை.

ஆனால் நிரல்மொழிகள் அனைத்தும் அந்நிகர்மையை மதிப்பதில்லை. பைத்தான், ஜாவா முதலிய மொழிகள் குறிகளை அப்படியப்படியே ஒப்பிடுவதால், இருவகைக் கொள்ளேகால்களையும் இரு வேறு ஊர்களாகக் கொள்ளும். ஒருவர் ஒருவகையில் எழுதி வைத்ததை மற்றொருவர் மறுவகையில் தேடினால், இல்லை என்ற விடையே வரும். அவர் கண்ணெதிரே அச்சொல் இருந்தும் இல்லை என்று இயந்திரம் சாதிக்கும். ஸ்விஃப்ட் என்னும் மொழி நிகரான வடிவங்களை ஒன்றாகவே கருதி ஒப்பிடுகிறது. பெர்ல் ஆறு என்று வழங்கி 2019-இல் ராகு என்று பெயர் மாறிய மொழி, சொற்களை உள்ளே வாங்கும்போதே ஒரே வடிவிற்குக் கொண்டுவந்துவிடுகிறது. மற்ற மொழிகளில் எழுதுவோர், அட்டவணைக்குள் இடுவதற்கு முன்னும், தேடுவதற்கு முன்னும், சொற்களை ஒரே வடிவிற்குச் சீர்செய்யும் வினையைத் தாமே ஏவ வேண்டும். அவ்வினை பைத்தானிலும் ஜாவாவிலும் ஆயத்தமாகவே உள்ளது. பயன்படுத்துவோர்தாம் அதை மறந்துவிடுகின்றனர்.

இங்கே ஓர் எல்லையையும் உணர்தல் வேண்டும். ஔகாரக் குறியை உரியபடி இடாமல், கொம்பையும் 'ள' என்னும் எழுத்தையும் இட்டு, 'கௌ' என்பதைக் 'கெள' என்று எழுதுவோர் பலர். பார்வைக்கு ஒத்திருந்தாலும் ஒருங்குறி இவற்றை நிகரென்று கொள்வதில்லை. சீர்செய்யும் வினையும் இதைத் திருத்தாது. அவ்வாறே கொள்ளேகால் என்று ஒருவரும் கொள்ளேகாலம் என்று மற்றொருவரும் எழுதினால், அவை இயந்திரத்திற்கு இரண்டே. ஆங்கில எழுத்தில் வந்தால் சொல்லவே வேண்டா. கந்தசாமி என்னும் ஒரே பெயரை நால்வர் நான்கு விதமாக எழுதுவர். சென்ற இடந்தோறும் அவ்வவ்விடத்து வழக்கப்படி ஒரு கூட்டெழுத்துச் சேரும் அல்லது குறையும். நமக்குக் குடும்பப் பெயர் வழக்கம் இன்மையால் தந்தையின் முதலெழுத்து சிலவிடங்களில் முன்னும், சிலவிடங்களில் பின்னும், சிலவிடங்களில் விரிந்தும் நிற்கும். வெளிமாநிலத்தில் வாழும் தமிழர் பலர் ஒரே ஆளாயிருந்தும் ஏடுகளில் இருவராகத் திரிவது இதனால்தான். ஆகவே பெயரைத் திறவுகோலாக்குதல் நல்லாட்சிக்கு ஏற்றதன்று. மாறாத எண் ஒன்றைத் திறவுகோலாக வைத்து, பெயரை மதிப்பாக வைத்தலே தக்கது.

நான்காம் வினா: உள்ளே வைத்த திறவுகோல் பின்னர் உருமாறினால் என்ன ஆகும்?

அறையின் எண் திறவுகோலைக் கொண்டே கணக்கிடப்பட்டது என்று கண்டோம். உள்ளே இட்டபின் திறவுகோலின் உறுப்புகள் மாறினால், புதிய கணக்கு வேறோர் அறையைக் காட்டும். பொருளோ பழைய அறையிலேயே கிடக்கும். பூட்டு அப்படியே இருக்க, சாவியை அரத்தால் அராவிவிட்டவன் கதிதான் நமக்கும். பைத்தான் இதனை முன்னரே தடுத்துவிடுகிறது. இடையில் மாற்றத்தக்க பட்டியல்களைத் திறவுகோலாக வைக்க முயன்றால் அது மறுத்துவிடும். ஜாவா தடுப்பதில்லை, திறவுகோலை மாற்றாமலிருப்பது நிரலாளரின் பொறுப்பு என்று விட்டுவிடுகிறது. தடுத்தலே நன்று என்பது என் கருத்து. காணாமற்போன பொருளைத் தேடுவதினும், காணாமற்போகாமல் காப்பது எளிதன்றோ?

ஐந்தாம் வினா: அட்டவணையிலிருந்து ஓர் இணையைக் கையில் எடுத்து, அதன் மதிப்பை மாற்றினால், அட்டவணையும் மாற வேண்டுமா?

ஜாவாவின் வழக்கமான அட்டவணையில் இணைகளை ஒவ்வொன்றாக எடுத்து, ஒன்றில் மதிப்பை மாற்றினால் மூல அட்டவணையே மாறிவிடும். அங்கே நம் கையிலிருப்பது மூல ஏட்டின் ஒரு வரி. பைத்தானில் கிடைக்கும் இணையோ திருத்த முடியாத ஒரு நகல்; அட்டவணையை மாற்ற விரும்பினால் அட்டவணையிடமே சென்று சொல்ல வேண்டும். இரண்டும் ஏற்கத்தக்கவையே. ஆனால் தருவது மூலமா, நகலா என்பதை மொழி ஐயத்திற்கு இடமின்றி அறிவித்தல் வேண்டும். நகல் என்று எண்ணி மூலத்தில் கிறுக்குதலும், மூலம் என்று எண்ணி நகலைத் திருத்திவிட்டு மனநிறைவோடு வீடு திரும்புதலும் ஒன்றுக்கொன்று குறையாத தீமைகள். மூலமாயினும் நகலாயினும், இணையின் திறவுகோலை மாற்ற ஒருபோதும் இடந்தரலாகாது. மாறுவது மதிப்பு மட்டுமே. முன் வினாவிற் கண்ட காரணமே இதற்கும் காரணம்.

ஆறாம் வினா: இணைகளை வரிசையாகப் படித்தால் எந்த முறையில் வர வேண்டும்?

அறைகளில் சிதறி வைக்கும் முறையால் இயல்பாக ஒரு வரிசை கிடையாது. கோ மொழி இதனை வெளிப்படையாகவே உணர்த்துகிறது. நிரலாளர் தற்செயலான வரிசையை நம்பிவிடாதபடி, ஒவ்வொரு முறையும் வேறுபட்ட இடத்திலிருந்து வேண்டுமென்றே தொடங்குகிறது. பைத்தான் எதிர்வழியில் சென்றது. எழுதிய முறையிலேயே இணைகள் திரும்பி வரும் என்பதை 2018-இல் வெளிவந்த மூன்று புள்ளி ஏழாம் பதிப்பு முதல் உறுதிமொழியாகவே அளித்துள்ளது. உறுதி தருவதும் நன்று. தாராமல் அதைத் தெளிவாகச் சொல்வதும் நன்று. இன்று ஒருவாறும் நாளை வேறொருவாறும் நடந்து, அதைச் சொல்லாமலும் இருப்பதே தீது.

அறைக் கணக்கிற்குள் ஒரு பாதுகாப்புச் செய்தியும் அடங்கியுள்ளது. 2011 டிசம்பரில் பெர்லின் நகரில் நடந்த ஒரு மாநாட்டில் ஆராய்ச்சியாளர் இருவர் ஓர் உண்மையை எடுத்துக்காட்டினர். அறை எண்ணைக் கணக்கிடும் முறை வெளிப்படையாகத் தெரிந்திருந்தால், தீயோன் ஒருவன் ஆயிரக்கணக்கான திறவுகோல்களை எல்லாம் ஒரே அறையில் விழும்படி தேர்ந்து அனுப்பலாம். அப்போது ஒரு கண்ணிமைப்பில் முடிய வேண்டிய வேலை நெடுநேரம் நீண்டு, இயந்திரமே முடங்கிவிடும். அதன்பின் பல மொழிகள், ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் ஓர் இரகசிய எண்ணைத் தம் கணக்கிற் கலந்துகொள்ளலாயின.

ஏழாம் வினா, இறுதி வினா: அட்டவணையைத் தலைகீழாகத் திருப்பலாமா? மதிப்பைக் கொடுத்துத் திறவுகோலைக் கேட்கலாமா?

கேட்கலாம்; ஆனால் விடை ஒன்றே என்று எதிர்பார்க்கலாகாது. சாமராஜநகர்த் தலைமை அஞ்சலகத்தின் எண் எது என்றால் 571313 என்று ஒரே விடை. 571313 எந்த அஞ்சலகம் என்று திருப்பிக் கேட்டாலோ, நகரத்தின் அஞ்சலகத்தோடு சுற்றுப்புறத்துச் சிற்றூர்க் கிளை அஞ்சலகங்களும் வந்து நிற்கும். நிகண்டாசிரியர்கள் இவ்வுண்மையை நன்கு அறிந்திருந்தனர். ஒரு பொருளுக்குப் பல பெயர் கூறும் பகுதியைத் தலைகீழாக்கினால், ஒரு சொல்லுக்குப் பல பொருள் கூறும் பகுதி தானே தோன்றும். அரி என்னும் சொல் திருமால் என்ற தலைப்பின்கீழும் வரும். சிங்கம் என்ற தலைப்பின்கீழும் வரும். இவற்றைத் திருப்பி அரி என்ற ஒரே தலைப்பின்கீழ் ஒற்றை மதிப்பாக எழுதினால், சிங்கம் திருமாலை விழுங்கும். அல்லது திருமால் சிங்கத்தை விழுங்குவார். ஆகையால் நிகண்டாசிரியர்கள் அவற்றைத் தனித்தனித் தொகுதிகளாக வைத்து, பல்பொருள்களையும் காத்தனர். சதுரகராதியிலும் பெயரகராதி, பொருளகராதி என்று தனித்தனிப் பகுதிகள் உண்டு.

ராகு மொழி இதனை நுட்பமாகப் பிரித்துக் காண்கிறது. ஓர் இணையை மட்டும் புரட்டி, திறவுகோலை மதிப்பாகவும் மதிப்பைத் திறவுகோலாகவும் ஆக்க ஒரு வினை உண்டு. அட்டவணை முழுவதையும் புரட்டும்போது, ஒரு மதிப்பு பட்டியலாக இருந்தால் அதன் உறுப்புகளைத் தனித்தனியே விரித்துப் பல இணைகளாகத் தரும் வினை ஒன்றும், விரிக்காமல் அப்படியே தரும் வினை ஒன்றும் தனித்தனிப் பெயர்களோடு உள்ளன. அவை தருவது இணைகளின் வரிசையே, அட்டவணை அன்று. ஆதலின் ஒரே திறவுகோல் இருமுறை வந்தாலும் யாதும் அழிவதில்லை. அவ்வரிசையை மீண்டும் ஓர் அட்டவணையில் இட்டால்தான் பின்னது முன்னதை அழிக்கும். புரட்டுதல் வேறு, அட்டவணையாக்குதல் வேறு என்று இரண்டு செயல்களைப் பிரித்து வைத்தமையால், எந்த அடியில் இழப்பு நேரும் என்பது நிரலாளர்க்கு விளங்குகிறது.

நேயர்களே, இதுவரை கண்டவற்றைச் சுருங்கக் கூறின், நல்ல அட்டவணை இவ்வாறு நடந்துகொள்ளும். இல்லாததை இல்லை என்று சொல்லும். அதைச் சுழியம் என்று மழுப்பாது. கேட்ட அளவில் எதையும் படைக்காது. மேலெழுதினால் பழையதை அறிவிக்கும். நிகரான சொற்களை நிகரென்று ஏற்கும். திறவுகோலை உருமாற விடாது. தருவது மூலமா நகலா என்பதை மறைக்காது. வரிசையைப் பற்றி உறுதி தரும், அல்லது தரவில்லை என்று கூறும். தலைகீழாகத் திருப்பும்போது எதையும் ஓசையின்றி இழக்காது. ஒரு நேர்மையான கணக்கப்பிள்ளையிடம் நாம் எதிர்பார்க்கும் குணங்கள் இவையே அல்லவா?

பெங்களூரிலும் புனேயிலும் தில்லியிலும் நிரல் எழுதும் பணியில் நம் பிள்ளைகள் பலர் இருக்கின்றனர். அவர்கள் ஓர் அட்டவணையை அமைக்கும்போது, எதைத் திறவுகோலாக வைப்பது என்று ஒருகணம் நின்று எண்ணுவார்களாக. அந்த ஒருகண எண்ணம், தாம் ஒருபோதும் காணப்போகாத ஒரு முதியவரைப் பல நாள் அலைச்சலிலிருந்து காக்கக்கூடும். நிரல் எழுதாத நம்மவர்க்கும் ஒரு சொல். உங்கள் பெயரை எல்லா ஏடுகளிலும் ஒரே எழுத்துக்கூட்டில் எழுதுங்கள். முதலெழுத்தை ஒரே இடத்தில் வையுங்கள். பிறந்த ஊரின் பழைய மாவட்டப் பெயர் உள்ள தாளைப் பழையதென்று கிழித்துவிடாதீர்கள். அட்டவணை நேற்றை மறந்தாலும், அத்தாள் மறவாது.

கொள்ளேகாலில் பிறந்த பெரியவர் கோயமுத்தூர் மாவட்டத்தில் பிறந்தவர்தாம். அவ்வூர் இன்று சாமராஜநகர் மாவட்டத்தில் உள்ளதும் மெய்தான். இவ்விரண்டு மெய்களுக்கும் இடம் தரத் தக்கவாறு இயந்திரத்தைப் பழக்குவது நம் கடமை. இயந்திரத்திற்கு ஏற்றவாறு தம் பிறப்பை மாற்றிக்கொள்வது அவர் கடமை அன்று.